அமாவாசைத் தூண்டில்

என் அப்பா மாதத்தில் ஒரே ஒரு நாள்தான் மீன் பிடிப்பார். அந்த ஒரு நாளில்தான் எங்கள் வீட்டில் மீன் ஆகாது. இதைச் சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்களுக்கு வாரத்துக்கு இரண்டு நாள் லீவு.

காஞ்சிபுரத்தில் அமாவாசை அன்று தறி ஓடாது. மற்ற நாள் எல்லாம் குழித்தறியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கு அன்றைக்குத்தான் காலை நீட்ட நேரம். ஆனால் அன்றைக்குத்தான் செத்துப்போனவர்களுக்குப் படையல் போடுவார்கள். காக்கைக்குச் சோறு வைப்பார்கள். கவிச்சி வாடை வாசலைத் தாண்டி வரக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை அம்மா மீன் குழம்பு வைத்தால் ஆளுக்கு ஆள் சட்டியை வழிப்பார்கள், அதில் பெரியப்பாதான் முதல் ஆள். அமாவாசை அன்று மட்டும் அவர் மீன் என்ற வார்த்தையைக்கூடக் காதில் வாங்க மாட்டார்.

அதனால் அப்பா பிடித்த மீன் ஒன்றுகூட எங்கள் அடுப்புக்கு வந்ததில்லை. பிடிப்பார். தண்ணீரில் விட்டுவிடுவார். அவ்வளவுதான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். படையல் சாப்பாடு முடிந்து பெரியப்பா வெற்றிலை போட்டுக்கொண்டு கண்ணயர்ந்ததும், அப்பா சைக்கிளை வெளியே எடுப்பார். நான் பின்னால் ஏறிக்கொள்வேன். கையில் ஒரு துணிப் பை. அதில் எனக்கு மாற்றுப் பாவாடை, அப்பாவுக்கு ஒரு துண்டு, ஒரு டப்பாவில் கொல்லையில் தோண்டிய மண்புழு. "ஆத்துல குளிச்சிட்டு வர்றோம்" என்று அம்மாவிடம் சொல்வார். அம்மாவுக்கு எல்லாம் தெரியும். பெரியப்பாவுக்குத் தெரியாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

செவிலிமேடு தாண்டிப் பாலாறு. இப்போது போய்ப் பார்க்காதீர்கள். மணலைச் சுரண்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், ஆற்றின் எலும்புதான் கிடக்கிறது. அன்றைக்கும் அது வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. ஐப்பசி கார்த்திகையில் வெள்ளம் வந்து போகும். போகும்போது கரையோரப் பள்ளங்களில் தண்ணீரை விட்டுவிட்டுப் போகும். அப்படி ஒரு பெரிய மடு, ஒரு மருத மரத்தடியில் இருந்தது. தை மாசி வரைக்கும் தண்ணீர் நிற்கும், சில வருடம் சித்திரை வரைக்கும்கூட.

அந்த மடுவுக்குச் சட்டம் உண்டு. எழுதி வைத்த சட்டம் இல்லை, கரையோரத்து ஊர்க்காரர்கள் கூடி வைத்தது. வலை போடக் கூடாது. ஒரு ஆளுக்கு ஒரு தூண்டில், ஒரு தூண்டிலுக்கு ஒரு முள். முதலில் மாட்டும் மீன் ஆற்றுக்கு, அதைத் திருப்பி விட்டுவிட வேண்டும். மருத மரத்து வேர் இறங்கியிருக்கும் ஆழத்தில் யாரும் தூண்டில் போடக் கூடாது, அங்கேதான் மீன் குஞ்சு வைக்கும். எடுத்துப் போகிற மீனைக் கரையில் காட்டிவிட்டுப் போக வேண்டும். ஒரு சாணுக்குக் குறைந்தாலும் சினையாக இருந்தாலும் திரும்பத் தண்ணீருக்கே. இதைப் பார்ப்பதற்கு ஊர் சார்பில் ஒரு ஆள் உண்டு. மடுவை ஒட்டி நிலம் வைத்திருந்த விவசாயி. எல்லோரும் அவரைக் கரைக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். நெல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே மீன் பிடிக்கிறவர்களையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்பாவின் மூங்கில் கம்பு அவருடைய மோட்டார் கொட்டாயில்தான் இருக்கும். வீட்டில் வைத்தால் பெரியப்பா அதை எரித்து வெந்நீர் போட்டுவிடுவார். நூலும் முள்ளும் மட்டும் அப்பாவின் இடுப்பு மடிப்பில் வரும். அது பட்டு நூல். தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூலை அறுத்தபின் மிஞ்சும் துண்டு இழைகளைச் சேர்த்து மூன்று புரியாக முறுக்கி மெழுகு தடவி வைத்திருப்பார். ஒரு சமயம் சிவப்பு, ஒரு சமயம் மாம்பழ மஞ்சள். கரைக்காரர் அதைப் பார்க்கும்போதெல்லாம் ஏதாவது சொல்வார்.

"தறிக்காரரே, மீனுக்குக் கல்யாணமா? பட்டு கட்டிக்கினு வந்திருக்கிற."

"அதுக்கும் ஒரு ஆசை இருக்காதாணா."

"ஆசை இருக்கட்டும். புடிச்சதை எல்லாம் வுட்டுட்டுப் போற. அதுக்கு வீட்லயே படுத்துத் தூங்கலாமில்ல?"

அப்பா சிரிப்பார். மணலில் உட்கார்ந்து இரண்டு காலையும் முழங்கால் வரை தண்ணீரில் நீட்டுவார். அந்தக் கால் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. வெளுத்துப்போன கால், தறிக்குழியில் மிதித்து மிதித்துப் பெருவிரல் மட்டும் தடித்துப்போன கால். தக்கை தண்ணீரில் ஆடும். அப்பா விசிலடிப்பார். வீட்டில் அவர் விசிலடித்து ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

மீனைத் திருப்பி விடுவது என் வேலை. முள்ளை அப்பா கழற்றுவார், மீனை என் கையில் கொடுப்பார். நான் கோரைப்புல் பக்கம் நடந்துபோய்க் குனிந்து தண்ணீரில் விடுவேன். கெண்டை உடனே ஓடிவிடும். கெளுத்தி கொஞ்சம் யோசிக்கும். அந்த வேலையை நான் பெருமையாகத்தான் செய்தேன், பெரியப்பாவின் மகன் வாயைத் திறக்கும் வரைக்கும்.

அண்ணன் என்னைவிட மூன்று வயது மூத்தவன். பெரிய வாய். "உங்கப்பாவுக்குத் தூண்டில் போடவே தெரியாது. ஆத்துக்குப் போயி வேடிக்கை பாத்துக்கினு வர்றாரு. நீ வந்து கதை வுட்ற" என்று தெருப் பிள்ளைகள் நடுவில் வைத்துச் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். நான் கை முழங்கை வரை காட்டி, இவ்வளவு பெரிய விரால் பிடித்தார் என்றேன். "எங்க காட்டு" என்றான். காட்ட என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் நானேதான் தண்ணீரில் விட்டுவிட்டேனே.

அது என்னைத் தின்றது. அப்பாவை ஒருத்தன் ஒன்றும் தெரியாதவர் என்கிறான், என் கையில் சாட்சி இல்லை. இதைவிடப் பெரிய அநியாயம் உலகத்தில் இல்லை என்று நினைத்தேன். இப்போது அந்த அண்ணனை நினைத்தால் கோபம் வரவில்லை. எனக்கு என்மேல்தான் வருகிறது.

கார்த்திகை அமாவாசை. மழை நின்று நான்கு நாள் ஆகியிருந்தது. மடு தளும்பியது. அப்பா முதலில் ஒரு கெண்டையைப் பிடித்து ஆற்றுக்குக் கொடுத்தார். பிறகு வெகு நேரம் ஒன்றும் இல்லை. கிளம்பலாம் என்கிற நேரத்தில் தக்கை சட்டென்று உள்ளே போய்விட்டது. அப்பா எழுந்து நின்றுவிட்டார். கம்பு வளைந்தது. கரையேறியது ஒரு விரால். முழங்கை நீளம் இருந்தது, என் பொய் உண்மையாகிப்போனது. பாம்புத் தலை, கறுத்த முதுகு, வயிறு உப்பியிருந்தது.

"பாத்து புடிமா, வழுக்கும்" என்று கொடுத்தார்.

நான் கோரைப்புல் பக்கம் போனேன். குளித்து அவிழ்த்த ஈரப் பாவாடை அங்கே கிடந்தது. மீனை அதில் சுற்றினேன். பையில் போட்டேன். கையைத் தண்ணீரில் அடித்து ஒரு சத்தம் எழுப்பினேன். அப்பா நூலைச் சுற்றிக்கொண்டிருந்தார், திரும்பியே பார்க்கவில்லை. விரால் தண்ணீர் இல்லாமலும் ரொம்ப நேரம் உயிரோடு கிடக்கும் என்று அவர்தான் ஒரு நாள் சொல்லியிருந்தார். அண்ணனிடம் காட்டிவிட்டு மறுநாள் காலையில் ஊரை ஒட்டி ஓடும் வேகவதி ஆற்றில் விட்டுவிடலாம் என்பது என் திட்டம்.

கரைக்காரர் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். வேறு யார் போனாலும் பையைத் திறக்கச் சொல்வார். எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார், அவ்வளவுதான். எங்களை அவர் ஒரு நாளும் நிறுத்தியதில்லை. வழி முழுக்க மடியில் பை துள்ளியது. நான் பயத்தில் ஏதேதோ உளறிக்கொண்டே வந்தேன். அப்பா விசிலடித்துக்கொண்டே மிதித்தார்.

வீட்டுக்கு வந்ததும் பின்கட்டுக் கல்தொட்டியில் மீனை விட்டேன். அண்ணனைத் தேடிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். எங்கும் காணோம். கோயில் பக்கம் எல்லாம் தேடினேன். நான் தெருவில் அலைந்துகொண்டிருந்தபோது பெரியப்பா தூங்கி எழுந்து, தறிக்கு விளக்கு ஏற்றுவதற்கு முன்னால் கை கால் கழுவப் பின்கட்டுக்குப் போயிருக்கிறார். தொட்டியில் செம்பை விட்டிருக்கிறார். கறுத்த தலை ஒன்று செம்போடு மேலே வந்திருக்கிறது.

"பாம்பு, பாம்பு" என்று அவர் போட்ட கூச்சல் தெருமுனைவரை கேட்டது. நான் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தொட்டியிலிருந்து துள்ளி விழுந்ததை அண்ணன் தறிக் கட்டையால் அடித்துப் போட்டிருந்தான். அவ்வளவு நேரமும் அவன் வீட்டில்தான் கொய்யாக்காய் தின்றுகொண்டு இருந்திருக்கிறான். சாட்சி கேட்டவனே சாட்சியை அடித்துக் கொன்றான். அது மீன் என்று தெரிந்ததும் அவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே. ஆனால் நான் பார்க்கவில்லை. நான் பெரியப்பாவின் முகத்தைத்தான் பார்த்தேன்.

பாம்பாக இருந்திருந்தால் மன்னித்திருப்பார்.

"அமாவாசையும் அதுவுமா, படையல் போட்ட வீட்ல மீனா? இந்தத் தண்ணியிலதான்டா நாளைக்கு ஊடை நூல் நனைக்கணும். யார்டா கொண்டாந்தது?"

எல்லோரும் என் பக்கம் திரும்புவதற்குள் அப்பா சொன்னார்.

"நான்தான்."

அப்பா பொய் சொல்லி அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்டேன். ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். பெரியப்பா அரை மணி நேரம் பேசினார். அப்பனுக்குச் சோறு வைத்த கையால் புழு குத்தினாயா என்று கேட்டார். அமாவாசை தவறாமல் நீ எங்கே போகிறாய் என்று எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா, வெறுங்கையோடு வருகிறாயே என்று விட்டுவைத்தேன் என்றார். அப்பா தலையைக் குனிந்து நின்றார். பிறகு தொட்டித் தண்ணீர் முழுவதையும் இறைத்துக் கொட்டிச் சாம்பல் போட்டுத் தேய்த்தார். மீனை முருங்கை மரத்தடியில் புதைத்தார். புதைப்பதற்கு முன்னால் அதன் வயிற்றை விரலால் ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். "சினை" என்றார். என்னிடம் சொன்னாரா மீனிடம் சொன்னாரா தெரியாது. ஏன் செய்தாய் என்று கேட்கவே இல்லை.

மறு அமாவாசைக்கு அவர் சைக்கிளை எடுத்தபோது என்னால் நம்பவே முடியவில்லை. எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று தாவி ஏறிக்கொண்டேன். ஆனால் அப்பா தண்ணீர்ப் பக்கம் போகவில்லை. நேராகக் கரைக்காரரிடம் போனார்.

"போன தடவை ஒரு மீனைக் காட்டாம எடுத்துக்கினு போயிட்டேன்ணா. சினை மீனு."

கரைக்காரர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் சைக்கிள் பெல்லைப் பார்த்தேன்.

"நீயா எடுத்த?"

"நான்தான்."

"இதை நீ சொல்லலன்னா யாருக்குத் தெரியப் போவுது, தறிக்காரரே?"

"சொல்லணுமில்ல."

கரைக்காரர் மண்வெட்டியில் ஒட்டியிருந்த சேற்றைக் காலால் தள்ளினார். போன மாதம்தான் அவருடைய சொந்தத் தங்கை மகனையே இதே தப்புக்குக் கரையை விட்டுத் துரத்தியிருந்தார். "அவனுக்கு ஒண்ணு, உனுக்கு ஒண்ணுன்னா ஊர்ல என்னை இன்னா கேப்பாங்க?" என்றார். அப்பா தலையாட்டினார்.

"பன்னெண்டு மாசம் இந்தக் கரையில கால் வெக்காத. முடிஞ்சதும் நானே சொல்லி அனுப்புறேன். அதுக்கு முன்னாடி வராத." சொல்லிவிட்டு, அப்பா கம்பை எடுக்கப் போனபோது தடுத்தார். "அது இங்கியே இருக்கட்டும். அதுக்குள்ள உன் பட்டு நூலுதான் மக்கிப் போயிருக்கும். வரும்போது புதுசா முறுக்கிக்கினு வா."

திரும்பி வரும்போது அப்பா விசிலடிக்கவில்லை. நான்தான் எடுத்தேன் என்று நானாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

அந்த வருடத்து அமாவாசைகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. படையல், சாப்பாடு, பெரியப்பாவின் குறட்டை. அப்பா தறியில் அறுந்துபோன விழுது நூல்களை முடிச்சுப் போட்டுக்கொண்டு தறி ஓரமாக உட்கார்ந்திருப்பார். வேலையில்லாத நாளிலும் கால் தறிக்குழியில்தான் தொங்கும். நான் கொல்லைக்குப் போய் மண்புழு தோண்டுவேன். தோண்டிவிட்டு மண்ணிலேயே விட்டுவிடுவேன். இன்னும் எத்தனை அமாவாசை என்று விரலை மடக்கிக்கொண்டே இருந்தேன்.

பத்தை மடக்கிய பிறகு, ஐப்பசியில், நான் பெரியவளானேன். சடங்கு சுற்றினார்கள். புட்டு கொடுத்தார்கள். தாவணி கொடுத்தார்கள். எல்லாம் முடிந்ததும் அம்மா ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்.

"இனிமே ஆத்துக்கு, தெருவுக்குன்னு கெடையாது. தெரிஞ்சிதா?"

அப்பா பக்கத்தில்தான் இருந்தார். அவர் எதிர்த்துச் சொல்லக்கூடிய வீடு இல்லை அது. எனக்கு வந்த ஆத்திரத்தில் தாவணியைக் கிழித்துப் போட்டிருப்பேன். யாருடைய சட்டம் இது, எந்த ஊர் கூடி வைத்தது, பன்னிரண்டு மாதம் கழித்து யாராவது சொல்லி அனுப்புவார்களா? இப்போதும் கேட்கிறேன்.

மார்கழியில் ஒரு காலை. செவிலிமேட்டுப் பக்கத்திலிருந்து கீரை கொண்டுவரும் அக்கா கூடையை இறக்கினாள். அம்மா உள்ளே இருந்தாள். நான்தான் வாசலில்.

"பாப்பா, அப்பாகிட்ட சொல்லு. பன்னெண்டு மாசம் ஆயிடுச்சாம். கம்பு மோட்டார் கொட்டாயிலயே இருக்குதாம். இந்த அமாவாசைக்கு வரச் சொன்னாரு கரைக்காரரு."

"சரிக்கா" என்றேன்.

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். தெருமுனையில் பாவு நீட்டியிருந்தார்கள், அப்பா அங்கே இழை ஒதுக்கிக்கொண்டிருந்தார். பத்தடி ஓடினால் சொல்லிவிடலாம். நான் ஓடவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து கீரையை ஆய்ந்தேன். அவர் போவார். சைக்கிளின் பின்னால் யாரும் இருக்க மாட்டார்கள். மீனை அவரே விட்டுக்கொள்வார். தண்ணீரில் கால் நீட்டிக்கொண்டு விசிலடிப்பார், நான் இங்கே தாவணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கீரைத் தண்டு எல்லாவற்றையும் துண்டு துண்டாகக் கிள்ளிப்போட்டேன். அதற்கும் அம்மாவிடம் திட்டு வாங்கினேன்.

அன்று மத்தியானமே அப்பா நூல் முறுக்க ஆரம்பித்தார். மயில்கழுத்து நிறம். மூன்று புரி. தொடையில் வைத்து உருட்டி உருட்டி, மெழுகு தடவி. என்னைப் போலவே அவரும் அமாவாசையை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார் என்று நினைத்தேன். சேதி வராமல் போக மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும்.

சாயங்காலம் நூலைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"கீரைக்காரம்மா எதுனா சொன்னாங்களாமா?"

"இல்லப்பா."

என் முன்னால் நின்றபடியே நூல் நுனியை விரலில் சுற்றி அவிழ்த்தார்.

"சரிமா" என்றார். நூலை ஒரு குச்சியில் சுற்றித் தறி மாடத்தில் வைத்தார். அந்த அமாவாசைக்கு அவர் போகவில்லை. அதற்கடுத்த அமாவாசைக்கும் போகவில்லை. மறுபடியும் ஒரு சேதி வரும், வந்தால் அப்போது சொல்லிவிடலாம் என்று நான் இருந்தேன். வரவில்லை. கல்யாணமாகி நான் போனபோதும் அந்த மயில்கழுத்து நூல் அங்கேயே இருந்தது. தண்ணீரே படாத நூல்.

அப்பாவின் கருமாதிக்குக் கீரைக்கார அக்கா வந்திருந்தாள். தலை நரைத்துப்போயிருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கரைக்காரரு சாவற வரைக்கும் அந்தக் கம்பை வெச்சிருந்தாரு. தறிக்காரருக்கு எம்மேல கோவம்னு சொல்லிக்கினே இருந்தாரு. உங்கப்பா ஏம்மா அப்புறம் வரவேயில்ல?"

இத்தனை வருடம் தொண்டையில் வைத்திருந்ததைச் சொன்னேன். "நான் சொல்லவேயில்லக்கா."

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"நீ சொல்லாங்காட்டி இன்னாமா? தெருமுனையில பாவாண்ட நின்னுக்கினு இருந்தாரே, போற வழியில நானே சொல்லிட்டுத்தான போனேன். பொண்ணை ஒரு வார்த்தை கேட்டுக்கினு வர்றேன்னாரு."

அப்பா எனக்கு ஒரு அறை விட்டிருக்கலாம். பொய் சொல்லாதே என்று காதைத் திருகியிருக்கலாம். கீரைக்காரியே என்னிடம் சொல்லிவிட்டாள் என்று சொல்லிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். யார் தடுத்தார்கள்? அமாவாசை வந்தால் இப்போதும் மத்தியானத்தில் என்னால் உட்கார முடிவதில்லை. அந்தச் சாயங்காலம் வந்து நிற்கிறது. கையில் மயில்கழுத்து நூலோடு என் முன்னால் நின்றவர், சேதி வந்ததா என்று தெரிந்துகொள்ள நிற்கவில்லை. நீ இல்லாமல் நான் போகட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு அப்பா மகளிடம் அப்படிக் கேட்பார் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியாது.